மாதிரி வண்டி

என் வீட்டுக்காரரிடம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கி வந்தாலும் சரி, குடைக்குக் கைப்பிடி மாற்றி வந்தாலும் சரி, முன்பக்கம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை நகத்தால் ஒரு கீறு கீறிவிட்டு, "கம்பெனியோடது இல்ல" என்பார். கல்யாணமான புதிதில் என்னையும் அப்படித் திருப்பிப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, எனக்கு மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

குடிநீர் வாரியத்தில் மீட்டர் பரிசோதிக்கும் வேலை அவருக்கு. அது வயிற்றுக்கு. உயிருக்கு, மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வை போர்த்தி நிற்கும் மோட்டார் சைக்கிள். எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. அதற்கு ஜலதோஷம் பிடித்தால் இவர் லீவு போடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவார், மாத்திரையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

இப்படிப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை விளையாட்டு மைதானத்தில் கண்காட்சி நடத்துவார்கள். பாகம் எதுவும் மாற்றாமல், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு ஒரு கோப்பை. இவர்தான் நடுவர். சங்கத்தில் இவருக்குப் பெயரே 'ஒரிஜினல்'தான். இவருடைய வண்டி போட்டியில் கலந்துகொள்ளாது. அது நுழைவாயிலில், சுற்றிலும் கயிறு கட்டி, 'மாதிரி வண்டி' என்ற அட்டையோடு நிற்கும். தங்கள் வண்டியில் எது சரி, எது தப்பு என்று மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். குனிந்து அளந்து எழுதிக்கொண்டு போவார்கள். இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பழைய வண்டிக்காரர்களிடம் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஒரு பாகம் தேய்ந்துவிட்டால், அந்தக் காலத்தில் கம்பெனி செய்த அசல் பாகத்தைத் தேடிப்பிடித்து மாட்டுவதா, இன்றைக்கு யாரோ செய்து விற்கும் மாற்றுப் பாகத்தை மாட்டுவதா? என்னைக் கேட்டால் சொல்வேன்: பிரேக் பிடிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், அதற்குமேல் அது யார் பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன? ஆனால் என்னை யாரும் கேட்டதில்லை. இவர் கட்சி தெரிந்ததுதான். அசல் என்ற ஒரே காரணத்துக்காக, எரியாத பின்விளக்கோடு என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போன மனிதர் அவர். கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, பின்பக்கம் அடித்துக்கொண்டே வரச் சொன்னார். பட்டுப்புடவையும் டார்ச்சுமாக நான் போன கோலத்தை இரண்டு குடும்பத்திலும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கடையும் வீடும். அத்தானைப் பார்த்து அவனுக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அதே கம்பெனி, அதே ரக வண்டி ஒன்றை ஒரு வயதான டாக்டரிடமிருந்து வாங்கினான். டாக்டர்தான் அதற்கு முதல் சொந்தக்காரர். துடைத்து வைத்ததோடு சரி, வேறு எதுவும் செய்ததில்லை என்று அவர் சொன்னாராம். தம்பி போன வருஷக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுவந்தான். கோப்பை தனக்குத்தான் என்று அவனுக்கு மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

இவர் அவன் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் இன்ஜினின் வலப்பக்கம் இருக்கும் அலுமினிய மூடிக்கு வந்தார். டைமிங் கவர் என்பார்கள். நடுவில் கம்பெனிச் சின்னம் வட்டமாகப் புடைத்திருக்கும். இவர் சட்டைப்பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து அந்த வட்டத்தை அளந்தார். எழுந்துபோய் மாதிரி வண்டியில் அளந்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"அரை மில்லிமீட்டர் பெருசா இருக்கு. இது மாற்றுப் பாகம்" என்று அறிவித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியாது. "ஜெராக்ஸ் கடைக்காரன் வண்டியில வேற என்ன இருக்கும்?" என்றார்.

மைதானமே சிரித்தது. தம்பியும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயசில் வாத்தியார் அடித்தாலும் இப்படித்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான், வீட்டுக்கு வந்து பாயில் குப்புறப் படுத்துக்கொள்வான். அன்று வீட்டுக்கு வந்து இவரை ஒரு பிடி பிடித்தேன். மச்சானுக்கு ஒரு சட்டம், மற்றவனுக்கு ஒரு சட்டமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். சட்டம் சரிங்க, ஜோக்கு எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

தம்பிக்கு 'ஜெராக்ஸ் வண்டி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிற சங்கத்துக்காரர்கள் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் மாதக்கணக்கில் தேடி, பழைய கையிருப்பு என்று சொல்லி விற்ற ஒரு வியாபாரியிடமிருந்து வேறு மூடி வாங்கி மாட்டினான். சங்கக் கூட்டத்தில் இவர் அதை அளந்து பார்த்தார். மாதிரி வண்டியோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. "இப்பதான் வண்டி வண்டியா இருக்கு" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அப்படியும் தம்பி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவன் மனைவி வருவாள், பிள்ளைகள் வருவார்கள். அவனைக் கேட்டால் கடையில் ஆள் இல்லை என்பான். இவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து என்னோடு போனில் பேசுவான். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டான். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது. அவன் பழையபடி வந்து, கூடத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று சொன்னால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் அந்த வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷக் கண்காட்சிக்கு இவர் ஒரு ஏற்பாடு செய்தார். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எது அசல், எது நகல் என்று தெரியாமல் கண்டதை வாங்கி மாட்டுகிறார்களாம். அவர்களுக்காக ஒரு பெரிய பலகை. இடது பக்கம் 'அசல்', வலது பக்கம் 'நகல்'. விளக்கு, நெம்புகோல், பெட்ரோல் மூடி என்று ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. எல்லாவற்றுக்கும் மேலே நடுநாயகமாக டைமிங் கவர். அசல் பக்கத்துக்குத் தன் வண்டியில் இருப்பதையே கழற்றி மாட்டுவது, நகல் பக்கத்துக்கு ஒன்றை வரவழைப்பது. மாற்றுப் பாகம் என்று ஒளிக்காமல் சொல்லியே விற்கும் ஒரு பட்டறைக்கு எழுதிப் போட்டார். சங்கச் செயலாளரான பல் டாக்டர், பலகையைப் பற்றி எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். தம்பியோடு போனில் பேசும்போது நானும் இந்தச் சங்கதியைச் சொன்னேன். நல்ல யோசனை என்றான்.

பார்சல் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வந்தது. நான் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்று எனக்கு வாய்த்த தலைவலி, பக்கத்துப் பக்கத்து நம்பரில் இரண்டு பையன்கள். இரண்டு பேரும் ஒரு வகுத்தலில் ஒரே இடத்தில் ஒரு பூஜ்யத்தை விழுங்கியிருந்தார்கள். விடை சரியாக இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே தப்பு இரண்டு தாளில் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். பார்த்து எழுதினவனுக்கும் பூஜ்யம், தெரிந்தே காட்டினவனுக்கும் பூஜ்யம் என்பது என் வகுப்புச் சட்டம்.

இவர் மேஜையின் மறு முனையில் செய்தித்தாளை விரித்து, பார்சலைப் பிரித்தார். தன் வண்டியின் மூடியையும் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது, இன்னொன்று பல வருஷம் எண்ணெயும் துணியும் பட்டு மங்கிப் போயிருந்தது. பார்த்தாலே தெரியவில்லையா என்று என்னிடம் பெருமையாகக் கேட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

எனக்கு எண்ணெய்க் கறை விடைத்தாளில் பட்டுவிடுமோ என்று கவலை. இரண்டையும் தள்ளி வைக்க எடுத்தேன். அவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்த பழக்கம், கை தானாகவே திருப்பிப் பார்த்தது. பளபளக்கிற மூடியின் உள்பக்கத்தில், ஒரு திருகுத் துளைக்குப் பக்கத்தில், உருகிய உலோகம் சிந்தி உறைந்தது மாதிரி ஒரு பொட்டு இருந்தது. அதற்கு ஒரு குட்டி வால், தலைப்பிரட்டைக்கு இருக்குமே அப்படி. மங்கிய மூடியைத் திருப்பினேன். அதே துளை, அதே பொட்டு, வால் அதே பக்கம் வளைந்திருந்தது.

"ஏங்க, இங்க வாங்க" என்றேன். அப்போது எனக்கு அதன் முழுத் தாத்பரியமும் புரியவில்லை. அந்த இரண்டு பையன்களைப் பிடித்த குஷியிலேயே கூப்பிட்டேன்.

வந்து பார்த்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அசலை வைத்துத்தானே நகலுக்கு அச்சு எடுப்பார்கள், அசலில் இருந்த பொட்டு நகலிலும் வரத்தானே செய்யும் என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் அவர் மனசு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. காலிப்பரை எடுத்து இரண்டு சின்னத்தையும் அளந்தார். மறுபடி அளந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அலுமினியத்த உருக்கி ஊத்தினா, ஆறும்போது சுருங்கும்" என்றார். வகுப்பு எடுக்கிற மாதிரிதான் ஆரம்பித்தார், குரல் மட்டும் அவருடையதாக இல்லை. "அசல வச்சு அச்சு எடுத்தா, நகல் அசலவிட ஒரு துளி சின்னதாத்தான் வரணும். இது ரெண்டும் ஒண்ணா இருக்கு."

"ஒண்ணா இருந்தா?"

"ரெண்டும் ஒரே அச்சு." காலிப்பரை மேஜைமேல் வைத்தார். "உன் தம்பியோடது அரை மில்லி பெருசா இருந்துச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விடைத்தாள்களை அடுக்கினேன். இவருக்கு வண்டியை விற்றவர், ஒரு தடவை மழையில் வழுக்கி விழுந்ததாகவும் பட்டறையில் விட்டு எடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். கால் வைக்கிற கம்பியைத்தான் மாற்றியிருப்பார் என்று இவர் நினைத்துக்கொண்டாராம். ஊரிலுள்ள எல்லா வண்டியையும் திருப்பிப் பார்த்த மனிதர், தன் வண்டியின் மூடியை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அது மாதிரி வண்டி, அதைப் பார்த்துத்தானே மற்றதெல்லாம். என் தம்பி வைத்திருந்தது சுத்தமான அசல். அதை நகல் என்று ஊரைக் கூட்டிச் சிரித்து, அவனைக் கழற்றவைத்து, நகலை வாங்கவைத்து, அதை அசல் என்று முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறார். இவருடைய காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வெட்கம்தான் வந்தது, நானே நடுத்தெருவில் வழுக்கி விழுந்துவிட்டது போல.

"தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

இப்போது சொன்னால் அவனுக்குத்தான் நஷ்டம் என்றார். இந்த வருஷம் கோப்பை அவனுக்குத்தான் என்று சங்கத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவன் வண்டியில் இருப்பது நகல் என்று சொல்லி மறுபடியும் அவனைத் தலைகுனிய வைக்க வேண்டுமா? கண்காட்சி முடியட்டும், கோப்பையை வாங்கிக்கொள்ளட்டும், பிறகு பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்றார். கேட்பதற்கு இரக்கம் மாதிரிதான் இருந்தது. அது பயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். கோப்பை கிடைத்தால் தம்பி அதை எடுத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வருவான் என்று எனக்குள்ளும் ஒரு கணக்கு ஓடியது. டீச்சர் போட்ட கணக்கு.

பார்சலைத் திருப்பி அனுப்பினார். அது வந்துசேரவில்லை என்று பல் டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் அதற்காகப் பலகையை விடுவதாக இல்லை. நகல் பக்கம் ஒரு கொக்கி காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், உங்கள் அசல் மூடியைக் கட்டாயம் மாட்ட வேண்டும் என்றார்.

இரண்டு மூன்று நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது இவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மடியில் இருந்த செய்தித்தாளைச் சுருட்டினார். துணி ஊறப்போடும்போது அவர் சட்டைக் கையில் வெள்ளிப்பொடி ஒட்டியிருந்தது. மூடியைத் தேடி எடுத்துத் திருப்பினேன். பொட்டு இருந்த இடத்தில் அரம் போட்டு ராவிய தடம் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் மங்கல், நடுவில் அது மட்டும் புதுசு.

அசல் பாகத்தில் அரம் வைக்கிறவனுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு, மாட்டுவண்டி போதாதா என்று ஊரெல்லாம் சொன்னவர் இவர். தப்பு விடையை அழிக்கிறேன் என்று ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே ஓட்டையாக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அதட்டவும் மனசு வராது. நான் இவரை ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை உதறினேன், சோப்புப் போட்டுக் கசக்கினேன், காயப்போட்டேன். இவர் சாப்பிடும்போது என்னைப் பார்க்கவில்லை, நான் இவரைப் பார்க்கவில்லை. குழம்பு எப்படி இருந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

தம்பி அந்த வாரமும் போன் செய்தான். இந்தத் தடவை வருவதாகச் சொன்னான். போன வருஷம் மாதிரி எதுவும் நடக்காதே அக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நடக்காது என்றேன்.

கண்காட்சி அன்று காலையில் மைதானம் முழுக்கப் பெட்ரோல் வாடை. மாதிரி வண்டி கயிற்றுக்குள் நின்றது. மூடி கழற்றிய இடத்தில் பல்சக்கரங்கள் வெளியே தெரிந்தன, முன்பல் போனவர் வாயைத் திறந்த மாதிரி. பலகை அதற்குப் பக்கத்தில். கீழ்வரிசைகள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. மேல்வரிசையில் இரண்டு கொக்கியும் காலி. இவர் மூடியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார். பல் டாக்டர் மைக்கில் எல்லோரையும் பலகைக்கு வரச் சொன்னார்.

தம்பி வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு வந்தான். தேய்த்த சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே இவரிடம் போனான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தேன். அவன் கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"பார்சல் வரலைன்னு டாக்டர் சொன்னாரு, அத்தான்" என்றான். "அதான் இத எடுத்துட்டு வந்தேன்." பையிலிருந்து தன் பழைய மூடியை எடுத்தான். "எடைக்குப் போட மனசு வரல. கடையில ஃபேன் காத்துக்குப் பேப்பர் பறக்காம மேல வச்சிருந்தேன். நகல் பக்கம் மாட்டுங்க. என்ன மாதிரி வேற யாரும் ஏமாறக் கூடாதில்ல."

சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார், ஜெராக்ஸ் வண்டி என்று யாரோ சொன்னது கேட்டது. தம்பியும் லேசாகச் சிரித்தான். குத்தலாக எதுவும் அவன் சொல்லவில்லை, அவனுக்கு அது வராது. தன் அவமானத்தையே எடுத்துக்கொண்டு வந்து, நாலு பேருக்கு உபயோகப்படட்டும் என்று அத்தான் கையில் கொடுத்தான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

இவர் அதை வாங்கினார். ஒரு கையில் அது, இன்னொரு கையில் துணி சுற்றிய தன்னுடையது. பல் டாக்டர் மாட்டுங்கள் சார் என்றார். இவர் அசையவில்லை. தம்பியின் மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். சுத்தமாக, ஒரு பொட்டு இல்லாமல் இருந்தது. பிறகு பலகைப் பக்கம் திரும்பி, தம்பி கொடுத்ததை அசல் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். துணியைப் பிரித்துத் தன்னுடையதை நகல் பக்கத்தில் மாட்டினார்.

"சார், மாத்தி மாட்டிட்டீங்க" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். இத்தன வருஷமாத்தான் மாத்தி மாட்டியிருந்தேன்."

மைக் அவர் கையில் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. பார்சல் வந்தது, திருப்பி அனுப்பியது, அளந்து பார்த்தது எல்லாவற்றையும் சொன்னார். கோர்வையாகச் சொல்லவில்லை, நடுநடுவே நிறுத்தினார். மாதிரி வண்டியைப் பார்த்துப் பாகம் மாற்றிய வேறு சிலரும் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் நம்பாமல் நகல் பக்கத்து மூடியைக் கழற்றித் திருப்பினார். இதென்ன சார், புதுசா ராவின மாதிரி இருக்கு என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாரும் துருவியிருக்க மாட்டார்கள்.

"நான்தான் ராவினேன்" என்றார் இவர். "தெரியக் கூடாதுன்னு."

ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினார். உன் மூடியை இப்பவே உன் வண்டியில மாட்டித் தரேன் மச்சான், கோப்பை உன்னோடதுதான், என்று ஏதோ சொல்ல வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். இவ்வளவு வருஷத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. வெட்கத்திலும் ஒரு நிம்மதி வந்தது எனக்கு. ஒருவழியாகச் சொல்லிவிட்டாரே என்று மூச்சு விட்டேன். இனி தம்பி வருவான் என்றுகூட நினைத்தேன்.

"வேணாம் அத்தான். பலகையிலேயே இருக்கட்டும்" என்றான் தம்பி. மரியாதையாகத்தான் சொன்னான். இவரை வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது. துணிப்பையை நாலாக மடித்துக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

எத்தனையோ பிள்ளைகளை மேஜைக்கு முன்னால் நிறுத்தி நான் கேட்ட கேள்வி அது. நிஜமாகவே தெரியாதவர்கள்தான் நேரே பார்த்துத் தெரியாது என்பார்கள்.

"பார்சல் வந்த அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அவன் மடித்த பையை இன்னும் சின்னதாக மடித்தான்.

"அப்புறம் நாம போன்ல பேசினோமேக்கா" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.